இத்தனை வருஷம் கழித்து இப்போது எதற்கு?

காலை நடைப்பயிற்சி முடிந்ததும் பூங்கா பெஞ்சில் உட்கார்ந்து ஊர் நியாயம் பேசும் கூட்டம் எங்களுடையது. பள்ளிக்கூடத்தில் ஆசிரியர் ஒருவர் தவறாக நடந்தார் என்று பேப்பரில் வந்தால் ஒரு நண்பர் தவறாமல் கேட்பார்: "பத்து வருஷம் சும்மா இருந்துட்டு இப்ப எதுக்கு சார் சொல்லுது அந்தப் பொண்ணு?"

எனக்குப் பதில் தெரியும். அப்படி ஒரு பெண்ணின் வாயை அடைத்தவர்களில் நானும் ஒருவன்.

முப்பது வருஷத்துக்கு மேல் ஆசிரியர் வேலை. எண்பதுகளின் கடைசியில் எட்டாம் வகுப்புப் பிள்ளை ஒருத்தி கணக்கு வாத்தியாரைப் பற்றி அழுதுகொண்டே சொன்னாள். ஸ்டாஃப் ரூமில் கூடினோம். "வெளியே தெரிஞ்சா பள்ளிக்கூடத்துப் பேர் கெட்டுடும், பொண்ணு வாழ்க்கையும் போயிடும்" என்று முடிவானது. அவருக்கு மாறுதல், அவளுக்கு டி.சி. அவர் போன ஊரிலும் எட்டாம் வகுப்பு இருந்தது. அது எங்களுக்குத் தெரியாமல் இல்லை.

2021 மே மாதம், சென்னைப் பள்ளி ஒன்றில் பல வருஷம் நடந்ததைப் பழைய மாணவிகள் சமூக வலைதளத்தில் வெளியே கொண்டுவந்தார்கள். ஆசிரியர் கைதானார். அதைப் பார்த்து வேறு பள்ளிகளில் படித்தவர்களும் வாய் திறந்தார்கள். என்னைப் போன்ற 'மூத்த ஆசிரியர்கள்' செய்யாததை அந்தப் பிள்ளைகள் செய்தார்கள்.

மத்திய அரசு 2007இல் வெளியிட்ட ஆய்வில், கேட்கப்பட்ட குழந்தைகளில் 53 சதவீதம் பேர் ஏதோ ஒரு வகைப் பாலியல் தொல்லையைச் சந்தித்ததாகச் சொன்னார்கள். பெரும்பாலோர் யாரிடமும் சொன்னதில்லை. சொன்னால் என்ன ஆகும் என்று அவர்களுக்குத் தெரியும். டி.சி.தான்.

"பொய்ப் புகார் வராதா?" என்பார்கள். விசாரிக்கப் போலீசும் கோர்ட்டும் இருக்கின்றன. தீர்ப்புச் சொல்வது ஸ்டாஃப் ரூமின் வேலை இல்லை. 2012ஆம் வருஷத்துப் போக்சோ சட்டப்படி, தெரிந்தவர் போலீசில் சொல்லியே ஆகவேண்டும். மறைத்தால் ஆறு மாதம் வரை சிறை. தனக்குக் கீழே வேலை பார்ப்பவர் செய்ததை நிறுவனத் தலைவர் மறைத்தால் ஒரு வருஷம் வரை. நல்லெண்ணத்தோடு சொன்னவர் மேல் வழக்கு வராது. குழந்தையின் பெயரைப் பத்திரிகையில் போடவும் கூடாது.

சட்டம் இருந்தும் பள்ளிகளில் பாதுகாப்புக் குழு என்றால் தாளாளர், தலைமையாசிரியர், நாலு பெரிய மனிதர்கள். அடிபட்டு வளர்ந்தவர்களை யாரும் கூப்பிடுவதில்லை. 'தனி வகுப்பு' எப்போது வைப்பார்கள், எந்த அறை பூட்டியிருக்கும், முதலில் பாராட்டில் தொடங்கி எங்கே போய் முடியும் என்பதெல்லாம் அவர்களுக்குத்தான் தெரியும். விருப்பத்தோடு முன்வருகிறவர்களை முதல் நாற்காலியில் உட்காரவையுங்கள். எங்களைப் போன்றவர்கள் பின்னால் உட்கார்ந்து கேட்கட்டும்.

நம் வயதுக்காரர்களுக்கு ஒன்று. பேரனோ பேத்தியோ ஏதாவது சொன்னால் "சும்மா இரு" என்று சொல்லிவிடாதீர்கள். முழுசாகக் கேளுங்கள். பிறகு 1098க்கு போன் செய்யுங்கள்.

அந்த எட்டாம் வகுப்புப் பிள்ளைக்கு இப்போது ஐம்பது வயது இருக்கும். அவள் இன்றைக்கு வந்து சொன்னாலும் தாமதம் என்று சொல்ல மாட்டேன். தாமதம் எங்களுடையது.