முதுகு நேராச்சு, மூச்சு?

பிறவியிலேயே முதுகெலும்பு கோணலான குழந்தைக்கு ஆபரேஷன் முடிந்தது. வெற்றியா? எக்ஸ்ரேயில் காப் கோணம் குறைந்தால் 'வெற்றி' என்று எழுதிவிட்டால் ஆச்சா? 1948-ல் ஜான் காப் சொன்ன அந்த அளவுக்கு மூச்சு தெரியுமா?

2008-ல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வைப் பாருங்கள். சிறு வயதிலேயே மார்புப் பகுதி முதுகெலும்புகளை ஒட்டவைத்த 28 பேர். பெரும்பாலும் பிறவிக் கோணல். பின்னாளில் ஊதச் சொல்லி அளந்தால், 12 பேருக்கு இருக்க வேண்டிய மூச்சில் பாதிகூட இல்லை! ஒட்டிய எலும்பு உயராது. கூடு உயராவிட்டால் நுரையீரலுக்கு இடம் ஏது?

கோணம் வேண்டாம் என்பதல்ல. அது மட்டும் போதாது. வலி, மூச்சு, சோர்வு, குடும்பச் செலவு என்று பெற்றோரிடம் கேட்கும் 24 கேள்விப் படிவம் இருக்கிறதே! படத்தில் நிமிர்ந்து நிற்கும் பிள்ளை படியேறினால் மூச்சு வாங்குகிறது என்றால், அது யாருடைய வெற்றி?