விண்ணப்பிக்கத் தயக்கம் ஏன்?

கிளமெண்டி சாலையில் நீ ஆன் பலதுறைத் தொழிற்கல்லூரி அமைந்துள்ளது. காலை நேரத்தில் அங்குச் செல்லும் பேருந்துகளில் மாணவர் கூட்டம் நிரம்பியிருக்கும். அவர்களுள் சிலர் முந்தைய இரவு வெகுநேரம்வரை கடையிலோ உணவங்காடி நிலையத்திலோ பகுதிநேர வேலை செய்திருப்பார்கள். கைச்செலவுக்காக உழைப்பது பாராட்டத்தக்கது. ஆனால், கல்விக் கட்டணத்தைச் செலுத்துவதற்காகவே தூக்கத்தையும் படிப்பையும் இழப்பது சரியா? நிதியுதவி பெறத் தகுதியுள்ள மாணவர்கள் கூச்சப்படாமல் விண்ணப்பிக்க வேண்டும். அதுவே அறிவார்ந்த செயல்.

விண்ணப்பிக்கத் தயங்குவதற்குப் பொதுவாக மூன்று காரணங்கள் உள்ளன. முதலாவது காரணம் கூச்சம். பிறரிடம் இரந்து வாழ்வதை ஔவையார் ஆத்திசூடியில் இகழ்ந்துரைத்தார். அந்த எண்ணத்தில் வளர்ந்த பெற்றோர், "யாரிடமும் கையேந்தக் கூடாது" என்று பிள்ளைகளிடம் கூறுவது இயல்பே. எனினும், அதே ஆத்திசூடி, கொடுப்பதைத் தடுக்கக் கூடாது என்றும் அறிவுறுத்துகிறது. மேலும், கல்வி உதவித்தொகை பிச்சையன்று. பலதுறைத் தொழிற்கல்லூரியில் படிக்கும் சிங்கப்பூர்க் குடிமக்கள் ஆண்டுக்கு ஏறத்தாழ 3,000 வெள்ளி கட்டணம் செலுத்துகிறார்கள். அவர்களுடைய படிப்புச் செலவின் பெரும்பகுதியை அரசாங்கமே ஏற்றுக்கொள்கிறது. எனவே, வசதியான வீட்டுப் பிள்ளையும் ஒருவகையில் உதவி பெற்றே படிக்கிறார்.

அந்தக் கல்லூரியின் வரலாறும் இதையே காட்டுகிறது. 1963ஆம் ஆண்டில் நீ ஆன் கொங்சி என்னும் தியோச்சூ சீனர் அமைப்பு அதனைத் தொடங்கியது. ஒரு சமூகம் ஒன்றுசேர்ந்து வழங்கிய ஆதரவில் பிறந்த கல்விக்கூடம் அது. இந்தியச் சமூகத்திற்கும் இத்தகைய ஏற்பாடு உண்டு. 1991ஆம் ஆண்டில் தொடங்கப்பட்ட சிண்டா, வசதி குறைந்த மாணவர்களுக்கு உதவித்தொகை வழங்கி வருகிறது. வேலை செய்யும் இந்தியர்களின் மாதச் சம்பளத்திலிருந்து சிண்டா நிதிக்கு ஒரு சிறு தொகை செல்கிறது. பேருந்து ஓட்டும் ஒரு தந்தை பல ஆண்டுகளாக அந்த நிதிக்குப் பணம் அளித்து வந்திருப்பார். அவருடைய மகள் அங்கு விண்ணப்பிப்பது எப்படி இழிவாகும்?

இரண்டாவது காரணம், "நமக்குக் கிடைக்காது" என்று தாமாகவே முடிவு செய்துகொள்வது. தகுதியைக் கணக்கிடும் முறை பலருக்குத் தெரிவதில்லை. குடும்பத்தின் மொத்த மாத வருமானத்தை, ஒரே வீட்டில் வாழும் குடும்ப உறுப்பினர்களின் எண்ணிக்கையால் வகுத்துத் தனிநபர் வருமானத்தைக் கணக்கிடுகிறார்கள். எடுத்துக்காட்டாக, ஒரு தாய் மட்டும் மாதம் 3,200 வெள்ளி சம்பாதிக்கிறார். அவருடன் பாட்டியும் இரு பிள்ளைகளும் வாழ்கிறார்கள். அந்த வீட்டின் தனிநபர் வருமானம் 800 வெள்ளி. அதே சம்பளத்தில் இருவர் மட்டும் வாழும் வீட்டில் அது 1,600 வெள்ளி. சம்பளம் ஒன்றுதான், ஆனால், தேவை வேறு. ஆகவே, அம்மாவின் சம்பளத்தை மட்டும் பார்த்து ஒதுங்கிவிடக் கூடாது. உட்கார்ந்து கணக்குப் போட்டுப் பார்க்க வேண்டும்.

மூன்றாவது காரணம் நல்ல மனம். "எங்களைவிட ஏழைகள் இருக்கிறார்கள், அவர்களுக்குக் கிடைக்கட்டும்" என்று சிலர் விலகிக்கொள்கிறார்கள். கல்வி அமைச்சின் உதவித்தொகை ஒருவருக்கு மட்டும் கிடைக்கும் போட்டிப் பரிசன்று. அது வருமான வரம்பின்படி வழங்கப்படுகிறது. வருமானம் குறைந்தவர்களுக்குக் கூடுதலாகவும் மற்றவர்களுக்குச் சற்றுக் குறைவாகவும் கிடைக்கிறது. கல்விக் கட்டணக் கடன் என்னும் வழியும் உள்ளது. அதன்மூலம் பலதுறைத் தொழிற்கல்லூரிக் கட்டணத்தில் 75 விழுக்காடுவரை பெறலாம். ஆனால், கடனைப் பின்னர் திருப்பிச் செலுத்த வேண்டும். உதவித்தொகையைத் திருப்பித் தர வேண்டியதில்லை. எனவே, கடன் வாங்கும்முன் உதவித்தொகைக்கு விண்ணப்பிப்பதே நல்லது.

வருமானக் கணக்கு எல்லாவற்றையும் காட்டிவிடாது என்று சிலர் வாதிடலாம். அது உண்மையே. தந்தையின் நோயும் திடீர் வேலை இழப்பும் அந்த ஓர் எண்ணில் தெரியாமல் போகலாம். அதனால்தான் மாணவர்கள் வாய் திறந்து பேச வேண்டும். கல்லூரியின் மாணவர் சேவைப் பிரிவில் நிலைமையை விளக்கினால், வேறு உதவிகளைப் பற்றியும் அறிந்துகொள்ளலாம்.

மாணவர்மேல் மட்டும் பொறுப்பைச் சுமத்துவதும் நியாயமன்று. "உதவி தேவைப்படுவோர் கையை உயர்த்துங்கள்" என்று வகுப்பில் கேட்டால் யார் உயர்த்துவார்? விண்ணப்ப விவரங்களை எல்லா மாணவர்களிடமும் பொதுவாகத் தெரிவிப்பதே சிறந்தது. உதவி பெறும் நண்பரைக் கேலி செய்யாதிருப்பது சக மாணவர்களின் கடமை. குடும்ப வருமானத்தைப் பிள்ளைகளிடம் மறைக்காமல் பேசுவது பெற்றோரின் கடமை.

இன்று உதவி பெறும் மாணவர் நாளை வேலைக்குச் செல்வார். அப்போது அவருடைய சம்பளத்திலிருந்தும் ஒரு சிறு தொகை இன்னொரு மாணவரின் படிப்புக்குச் செல்லும். வாங்கும் கையே பின்னர் கொடுக்கும் கையாகிறது. ஆகவே, தகுதியிருந்தால் தயங்காமல் விண்ணப்பியுங்கள்!