சிவப்பைக் கேட்பதும் சிவப்பை அளப்பதும்

மட்டாஞ்சேரியில் பிறந்து வளர்ந்த தமிழ்ப் பெண் ஒருத்தி கன்ன எரிச்சலுக்காகத் தோல் மருத்துவரிடம் செல்வதாகக் கொள்வோம். மருத்துவர் மலையாளி. நோயாளியின் மொழியிலேயே கேட்கவேண்டும் என்ற நல்லெண்ணத்தில், "முகம் சிவப்பா இருக்கா?" என்கிறார். "நான் எங்க டாக்டர் சிவப்பு? கறுப்புதானே" என்று அவள் சிரிக்கிறாள். படிவத்தில் 'சிவத்தல்: இல்லை' என்று பதிவாகிறது. இருவரும் பொய் சொல்லவில்லை. இருவரும் ஒரே சொல்லையே பயன்படுத்தினர்.

தமிழின் சிவப்பும் மலையாளத்தின் சுவப்பும் உடன்பிறந்த சொற்கள். தோலின்மேல் வந்து அமரும்போதுதான் அவை பிரிகின்றன. வெளிர்நிறம் உடையவரை மலையாளி 'வெளுத்தவர்' என்பார். தமிழரோ 'சிவப்பு' என்பார். தெலுங்கரின் 'எர்ரகா' என்பதும் இவ்வகையில் தமிழோடு சேர்ந்தது. போதாக்குறைக்குச் சினமும் தமிழில் சிவப்புத்தான். தொல்காப்பியர் உரியியலில் கறுப்பு, சிவப்பு என்னும் இரு சொற்களுக்கும் முதலில் வெகுளிப் பொருளைக் கூறிவிட்டு, பிறகே நிறத்தையும் அவை உணர்த்தும் என்கிறார். ஆகவே தமிழில் முகத்தின் சிவப்பு என்பது அழகாகவோ கோபமாகவோ இருக்கலாம். நோயாகவும் இருக்கலாம் என்பது கேட்பவருக்குக் கடைசியாகவே தோன்றும்.

இந்தக் குழப்பத்திலிருந்து தப்பும் வழியாகவே எண்ணிமப் படமெடுப்பு முன்வைக்கப்படுகிறது. ரோசேசியா என்பது கன்னம், மூக்கு, நெற்றி, மோவாய் ஆகிய முகத்தின் நடுப்பகுதிகளில் இரத்தக் குழாய்கள் விரிந்து, சிவப்பும் வெம்மையும் நிலைத்துவிடும் நாள்பட்ட அழற்சி. 2017இல் திருத்தப்பட்ட வகைப்பாட்டின்படி, நடுமுகத்தில் நிலைத்த சிவப்பு இருந்தாலே நோயை உறுதிசெய்யலாம். அவ்வளவு எடை சுமக்கும் ஓர் அறிகுறியைச் சொல்லுக்கும் கண்ணுக்கும் விடலாகாது, ஒளிப்படக்கருவி எண்ணாகத் தரட்டும் என்பது வாதம். 1976இல் பன்னாட்டு ஒளியமைப்பு ஆணையம் வகுத்த 'லேப்' நிறவெளியில் 'ஏ' என்னும் அச்சு பச்சையிலிருந்து சிவப்பை நோக்கிச் செல்கிறது. கன்னத்தின் ஒவ்வொரு படப்புள்ளிக்கும் அந்த மதிப்பைக் கணக்கிட்டுச் சராசரி காண்பது இன்று எளிது.

எளிதுதான், ஆனால் அந்த எண் அளப்பது எதை? ஒளிப்படக்கருவி சிவப்பைத் தனிப்பொருளாகக் காண்பதில்லை. பச்சை குறைந்திருப்பதைக் காண்கிறது. இரத்தத்தின் ஹீமோகுளோபின் ஏறத்தாழ 540 முதல் 580 நானோமீட்டர் வரையிலான பச்சை, மஞ்சள் ஒளியை வலுவாக உறிஞ்சிவிட்டுச் செவ்வொளியைத் திருப்பி அனுப்புகிறது. தோலின் மெலனினும் பச்சையை உறிஞ்சும். நீலத்தை அதைவிட மிகுதியாக உறிஞ்சும். மாநிறக் கன்னத்தில் குறைந்திருக்கும் பச்சையில் எவ்வளவு இரத்தத்தின் செயல், எவ்வளவு மெலனினின் செயல் என்பதை ஒற்றை எண் பிரித்துச் சொல்லாது. மெலனின் கூடும்போது ஓர் எல்லை வரை 'ஏ' மதிப்பும் தானாகவே உயரும். இரத்தம் கூடுவதால் வரும் மாற்றமோ, மேல்தோலை இருமுறை கடந்து திரும்பும் ஒளியில் மங்கிவிடும். நோயற்ற மாநிறக் கன்னம் 'சிவப்பு' என்று பதிவாகலாம். நோயுற்ற கறுத்த கன்னம் 'மாற்றமில்லை' என்று பதிவாகலாம்.

கதகளி அணியறையில் இது தெரிந்த செய்தி. நடிகர் கண்ணைச் சிவக்கவைக்கச் சுண்டைப் பூவிலிருந்து எடுத்த சிறு மணியை இமைக்குள் வைப்பார்கள். பச்சை பூசிய முகத்தில் அந்தச் சிவப்பு கடைசி வரிசை வரை தெரியும். பின்னணியை அறியாமல் நிறத்தை அறிய முடியாது.

கடைவீதி வெளிச்சமும் ஒத்துழைப்பதில்லை. ஓட்டுக் கூரை, மஞ்சள் விளக்கு, மழைக்காலத்தில் முற்றத்தின்மேல் கட்டிய நீலத் தார்ப்பாய் ஆகிய ஒவ்வொன்றும் கன்னத்திற்குத் தன் சாயத்தை ஏற்றும். கைப்பேசி அதைத் தானே 'திருத்தி', தோலை மெருகேற்றி, தழும்பையும் சிவப்பையும் துடைத்துத்தான் கொடுக்கும். நிற அட்டையைச் சட்டகத்துக்குள் வைத்து, தோல் மினுமினுப்பை நீக்கும் குறுக்கு முனைவாக்க வடிகட்டியைப் பொருத்தி, திருத்தப்படாத மூலக் கோப்பைச் சேமித்தால் இவற்றுள் பெரும்பகுதி தீரும். மெலனின் சிக்கல் தீராது.

எண் வந்தால் சொல் விலகிவிடும் என்ற நம்பிக்கையையும் ஐயுற வேண்டும். சிவப்பைக் குறைக்கும் பிரிமோனிடின் களிம்புக்கு 2013இல் அமெரிக்க ஒப்புதல் கிடைத்தது. அதன் சோதனைகளில் வெற்றி என்பது மருத்துவர் தரும் ஐந்து படி மதிப்பீட்டிலும் நோயாளி தனக்குத் தரும் ஐந்து படி மதிப்பீட்டிலும் ஒருசேர இரண்டு படி இறங்குவது. இரண்டு அளவுகோல்களும் சொற்களால் ஆனவை. தோலை வகைப்படுத்தப் பயன்படும் ஃபிட்ஸ்பாட்ரிக் அளவுகோலும் அடிப்படையில் ஒரு வினாத்தாளே: வெயிலில் தோல் சிவந்து புண்படுமா, பழுப்பேறுமா? 1975இல் வெள்ளைத் தோலுக்கான ஒளிமருத்துவ அளவை முடிவுசெய்ய எழுந்தது அது. பழுப்பு, கறுப்புத் தோல்கள் பின்னர்ச் சேர்க்கப்பட்டன. 'வெயிலில் கறுத்துப்போனேன்' என்பதே தமிழ் வழக்கு. வெயிலில் சிவந்து தோலுரிவதற்கு வீட்டில் புழங்கும் தனிச்சொல் இல்லை. முதல் வினாவிலேயே தடுக்கி விழும் மொழிபெயர்ப்பின்மேல் நான்கு தசம இடத் துல்லியத்தை அடுக்குவதில் பயனில்லை.

இது வெறும் சொல்லாராய்ச்சிச் சிக்கல் அன்று என்பதற்கு மருந்துக் கடையே சான்று. தமிழில் விற்பனையாவது 'சிவப்பழகு' கிரீம். வீரியமிக்க ஸ்டீராய்டு கலந்த களிம்புகள் அதே ஆசைக்குத் தீனியாகப் பரிந்துரைச் சீட்டின்றி விற்கப்பட்டுவந்தன. நாட்டின் பல மையங்களில் நடந்து 2011இல் வெளியான ஆய்வொன்று, முகத் தோல் நோயுடன் வந்த 2926 பேரைப் பார்த்தது. 433 பேர், அதாவது 14.8 விழுக்காட்டினர், முகத்தில் ஸ்டீராய்டு பூசிக்கொண்டிருந்தனர். அவர்களில் 29 விழுக்காட்டினர் அதை நிறம் கூட்டும் கிரீமாகவோ பொதுப்பூச்சாகவோ கருதிப் பூசியவர்கள். 2018இல் பல ஸ்டீராய்டுப் பூச்சுகள் பரிந்துரைச் சீட்டுக்குரிய பட்டியலுக்குள் கொண்டுவரப்பட்டன. மாதக்கணக்கில் பூசிய முகத்தில் தோல் மெலிந்து, குழாய்கள் விரிந்து, ரோசேசியாவை ஒத்த நிலை தோன்றும். நிறுத்தினால் எரிச்சல் பொங்கும்; எரிச்சல் அடங்க மீண்டும் பூசுவார்கள். சிவப்பு வேண்டி வாங்கியவருக்குச் சிவப்பே கிடைத்தது. மருத்துவரிடம் அதைச் சொல்லும்போது மட்டும் அந்தச் சொல் கைகொடுக்கவில்லை.

அப்படியானால் அளக்கவே வேண்டாமா? வேண்டும், வேறு விதமாக. ஒரு முகத்தை இன்னொரு முகத்தோடும், அயல்நாட்டு வரம்பெண்ணோடும் ஒப்பிடுவதை விட்டு, அதே இடத்தை அதே இடத்தோடு ஒப்பிடலாம். மடக்கைக் கணக்கில் மெலனினின் பங்கும் இரத்தத்தின் பங்கும் ஏறத்தாழக் கூட்டல் உறவில் நிற்பதால், ஒன்றிலிருந்து ஒன்றைக் கழிக்கையில் மாறாத மெலனின் நீங்கிவிடும். காதின் பின்புறத்தை அடிநிலையாகக் கொள்ளும் வழக்கம் இங்கே சரிவராது. அங்கே வெயில் படுவதில்லை, கன்னத்தில் படுகிறது. தோல் மருத்துவத்தின் பழைய உத்தி ஒன்று பொருந்தும். கண்ணாடித் தகட்டால் கன்னத்தை அழுத்தினால் விரிந்த குழாய்களின் இரத்தம் விலகும், மெலனின் அங்கேயே இருக்கும். அழுத்துமுன் ஒரு படம், அழுத்தியபடி ஒரு படம். இரண்டின் வேறுபாடே பெரும்பாலும் இரத்தம். இதற்கு விலையுயர்ந்த கருவி தேவையில்லை.

படங்கள் பெருகினால் கணினி தானே கற்றுக்கொள்ளும் என்போர் விரலில் மாட்டும் ஆக்சிஜன் மானியை நினைவிற்கொள்ள வேண்டும். அதுவும் ஹீமோகுளோபினை ஒளியால் அளக்கும் கருவியே. 2020 டிசம்பரில் வெளியான அமெரிக்க ஆய்வில், கருவி 92 முதல் 96 வரை காட்டியபோது குருதியில் உண்மையான அளவு 88க்குக் கீழே இருந்தது வெள்ளையரில் 3.6 விழுக்காடு, கறுப்பரில் 11.7 விழுக்காடு. அந்தக் கருவி பல்லாண்டுகளாகப் படுக்கைக்குப் படுக்கை பயன்பாட்டில் இருந்த ஒன்று.

எண்ணுக்கு இணையாகச் சொல்லையும் திருத்த வேண்டும். 'சிவப்பா?' என்று கேட்பதை நிறுத்தி, 'முகம் காந்துகிறதா, திகுதிகு என்று எரிகிறதா, அடுப்படியில் நின்றால் வெக்கை ஏறுகிறதா, முன்பிருந்த நிறத்திலிருந்து மாறியிருக்கிறதா?' என்று கேட்கலாம். 'என்ன கிரீம் பூசினீர்கள்?' என்பதையும் சேர்த்தே கேட்க வேண்டும். இவ்வினாக்களைச் சோதிக்க மட்டாஞ்சேரியைவிடப் பொருத்தமான இடம் அரிது. மலையாளம், தமிழ், கொங்கணி, குஜராத்தி, கச்சி, உருது என ஒரே வெயிலும் ஒரே உப்புக்காற்றும் படும் முகங்கள் சில தெருக்களுக்குள் பல மொழிகளில் தம்மைச் சொல்லிக்கொள்ளும் ஊர் அது. தோலியல் துறையும் மொழியியல் துறையும் சேர்ந்து முதலில் தொகுக்க வேண்டியது படத்தொகுப்பு அன்று. எரிச்சலைச் சொல்ல அந்தத் தெருக்களில் வழங்கும் சொற்களின் பட்டியல். கண்ணாடித் தகடும் நிற அட்டையும் அதன்பின் வரலாம்.