ரொவானியெமியில் ஒரு சமையல் வகுப்பு – சில எண்ணங்கள்

"பாரம்பரியம்" என்ற வார்த்தையை விளம்பரத்தில் பார்த்தாலே பர்ஸை இறுக்கிப் பிடித்துக்கொள்வது என் வழக்கம். ஆனாலும் பின்லாந்தின் வடக்கே லாப்லாந்துக்குப் போனபோது "பாரம்பரிய பின்னிஷ் சமையல் வகுப்பு, மூன்று மணி நேரம்" என்று பார்த்ததும் பணம் கட்டிவிட்டேன். எவ்வளவு என்று வீட்டில் இன்னும் சொல்லவில்லை. ஒரு கணக்குக்காகச் சொல்கிறேன்: இந்த ஊரில் மாணவர் உணவகத்தில் அரசு மானியத்தோடு மதியச் சாப்பாடு சுமார் மூன்று யூரோ. வகுப்புக்குக் கொடுத்த காசில் ஒன்றரை மாதம் மதியம் சாப்பிட்டிருக்கலாம்.

முதலிலேயே ஒன்று சொல்லிவிடுகிறேன். சாப்பாடு பிரமாதம். சொல்லிக்கொடுத்த அம்மணிக்குக் கை அவ்வளவு சுத்தம். இது "காசு போச்சே" என்ற புலம்பல் இல்லை. நான் சொல்ல வருவது வேறு. ஒரு ஊர்ச் சாப்பாட்டைப் பாரம்பரியம் என்று பெயர் வைத்து விற்றால், அது எப்படி அந்த ஊருக்கு வந்தது, யார் கொண்டுவந்தார்கள் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும் என்பது என் கட்சி. வகுப்பில் அது ஒரு வரி கூட இல்லை.

அன்றைய மெனு: சால்மன் சூப், கர்யாலன்பீராக்கா என்ற கரேலியப் பலகாரம், ரெயின்டீர் கறி, கடைசியில் சுட்ட பாற்கட்டியும் ஹில்லா ஜாமும். பின்லாந்து என்று கூகிளில் தேடினால் வரும் அதே பட்டியல்தான். இருக்கட்டும்.

பீராக்காவில் ஆரம்பிக்கிறேன், ஏனென்றால் அதில்தான் எனக்கு மாவு ஒட்டியது. ரை மாவு பார்க்கக் கிட்டத்தட்ட நம்ம கேழ்வரகு மாவு நிறம். அதில் தண்ணீர், உப்பு, கொஞ்சம் கோதுமை மாவு. சின்ன உருண்டையாக எடுத்து, நடுவில் தடித்து இரு முனையும் மெலிந்த கட்டையால் தேய்க்க வேண்டும். எவ்வளவு மெலிசு என்றால் வெளிச்சத்தில் பிடித்தால் அந்தப் பக்கம் தெரிய வேண்டும். சப்பாத்தி தேய்த்த கைக்கு இது சுலபம் என்று நினைப்பீர்கள். ரை மாவு கோதுமை போல இழுக்காது. கொஞ்சம் அழுத்தினால் விரிசல் விட்டுவிடும். நடுவில் பாலில் குழைய வேகவைத்த அரிசிக் கஞ்சியை வைத்து, இரண்டு ஓரத்தையும் உள்ளே மடித்து, ஆள்காட்டி விரல்களால் கொசுவம் வைப்பது போல் சுருக்கிக்கொண்டே போக வேண்டும். நல்ல சூட்டில், 275 டிகிரி போல, கால் மணி நேரம். வெளியே எடுத்ததும் வெண்ணெயும் சூடான பாலும் தடவித் துணி போட்டு மூடினால், தகடு போல இருந்த ஓரம் இளகிவிடும். மேலே வெந்த முட்டையும் வெண்ணெயும் பிசைந்த முனவொய். பன்னிரண்டு பேர் கொண்ட வகுப்பில் ஒரு நிமிடம் யாரும் பேசவில்லை. அவ்வளவு ருசி.

இப்போது பெயரைக் கவனியுங்கள். கரேலியா. ரொவானியெமி கரேலியாவில் இல்லை, லாப்லாந்தில் இருக்கிறது. போருக்கு முன்பு இந்தப் பண்டம் பெரும்பாலும் கிழக்கத்தி ஆட்களுடையது. 1939-40 பனிக்காலப் போரிலும், அதற்குப் பிறகு 1944 வரை நடந்த போரிலும் தோற்று, கரேலியாவின் பெரும்பகுதியைப் பின்லாந்து சோவியத் யூனியனிடம் இழந்தது. அங்கிருந்த நான்கு லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் வீடு, வயல், மாடு எல்லாவற்றையும் விட்டு மேற்கே வந்தார்கள். நாட்டின் மக்கள் தொகையில் பத்தில் ஒருவருக்கும் மேல்! 1945இல் சட்டம் போட்டு அவர்களுக்கு நிலம் பிரித்துக் கொடுத்தார்கள். அவர்கள் போன ஊருக்கெல்லாம் பீராக்காவும் போனது. இன்றைக்கு எந்த சூப்பர் மார்க்கெட்டிலும் பாக்கெட்டில் கிடைக்கிறது. 2003இல் ஐரோப்பிய ஒன்றியம் "பாரம்பரியச் சிறப்பு" என்று இந்தப் பெயரைப் பதிவும் செய்துவிட்டது. சும்மா யாரும் அந்தப் பெயரை ஒட்டி விற்க முடியாது.

அதாவது நாங்கள் அன்று கொசுவம் வைத்துக்கொண்டிருந்தது அகதிகள் மடியில் கட்டிக்கொண்டு வந்த சாப்பாடு. இதை நான் எங்கே தெரிந்துகொண்டேன் தெரியுமா? வகுப்பில் இல்லை. எல்லாம் முடிந்து பாத்திரம் கழுவும் இடத்தில். "இதை யாரிடம் கற்றீர்கள்?" என்று சும்மா கேட்டேன். அம்மணி கையைத் துடைத்துக்கொண்டு தன் பாட்டியைப் பற்றிச் சொன்னார். பாட்டி லடோகா ஏரிப் பக்கம் பிறந்தவர். புது ஊரில் பள்ளிக்கூடத்தில் அவரை "ரஷ்யாக்காரி" என்று கேலி செய்வார்களாம். வீட்டில் பீராக்காவுக்குள் பார்லிக் கஞ்சிதான் வைப்பார்களாம்; அரிசி காசு கொடுத்து வாங்க வேண்டிய சாமான், விசேஷத்துக்கு மட்டும். "இதையெல்லாம் ஏன் வகுப்பில் சொல்வதில்லை?" என்று கேட்டேன். நிறுவனம் கொடுத்த தாளில் அது கிடையாது, பயணிகளுக்குச் சோகக் கதை எதற்கு என்று சொல்லிவிட்டார்களாம்.

எனக்கு அங்கேதான் கோபம் வந்தது. அம்மணி மேல் இல்லை, அந்தத் தாளை எழுதியவர் மேல். ஒருத்தருடைய பாட்டியின் கையை வாடகைக்கு எடுத்துக்கொண்டு, பாட்டியை மட்டும் வெளியே நிறுத்திவிட்டார்கள்.

(ஒரு சின்ன இடைச்செருகல். "அரிசி பின்லாந்தில் விளையாது, அதனால் அரிசி பீராக்கா பாரம்பரியமே இல்லை" என்று மல்லுக்கட்டும் ஆசாமிகளும் உண்டு. அவர்களோடும் எனக்கு உடன்பாடில்லை. அப்படிப் பார்த்தால் உருளைக்கிழங்கு 18ஆம் நூற்றாண்டில் வந்தது, காபி எங்கோ விளைவது. பின்லாந்துக்காரர் ஆளுக்கு ஆண்டுக்குச் சுமார் 10 கிலோ காபி குடிக்கிறார்கள். போய் அவர்களிடம் காபி உங்களுடையது இல்லை என்று சொல்லிப் பாருங்கள்!)

சரி, சூப்புக்கு வருவோம். லோஹிகெய்த்தோ. உருளைக்கிழங்கு, லீக், பால் அல்லது க்ரீம், டில் தழை, இரண்டு மூன்று ஆல்ஸ்பைஸ் மணி, கடைசியில் சால்மன் துண்டுகள். மீனைப் போட்டபின் கொதிக்கவிடக் கூடாது, அவ்வளவுதான் சூட்சுமம். ஜன்னலுக்கு வெளியே கெமியோக்கி ஆறு உறைந்து கிடந்தது. "நதிக்கரையில் சால்மன் சூப்" என்று எல்லோரும் போட்டோ எடுத்தார்கள். நானும் எடுத்தேன்.

அந்த ஆற்றுக்கும் அந்தச் சட்டியில் இருந்த மீனுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. கெமியோக்கி ஒரு காலத்தில் ஐரோப்பாவின் சிறந்த சால்மன் ஆறுகளில் ஒன்று. கடலிலிருந்து மீன் நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் ஆற்றோடு ஏறி வரும். கரையோர ஊர்கள் அதை நம்பித்தான் இருந்தன. போர் முடிந்த கையோடு நாட்டுக்கு மின்சாரம் வேண்டும் என்று ஆற்றின் வாயிலேயே, கெமி ஊர்ப் பக்கம், இசொஹாரா அணையைக் கட்டினார்கள். 1940களின் கடைசியில் வேலை முடிந்தது. மீனுக்குக் கதவு சாத்தியாயிற்று. பின்னால் மேலே மேலே இன்னும் பல அணைகள். இதில் ஒரு வேடிக்கை: ரொவானியெமியில் வந்து சேரும் ஔனஸ்யோக்கி என்ற கிளை ஆற்றில் அணையே கட்டக் கூடாது என்று 1983இல் சட்டம் போட்டுக் காப்பாற்றினார்கள். ஆறு பத்திரமாக இருக்கிறது. ஆனால் கீழே இத்தனை அணையைத் தாண்டி சால்மன் அங்கே வருவது எப்படி?

ஆக எங்கள் சூப்பில் இருந்தது நார்வே பண்ணை மீன். பாக்கெட்டில் ஒட்டியிருந்ததை நானே படித்தேன். பண்ணை மீன் சாப்பிடுவது தப்பு என்று சொல்லவில்லை, பின்லாந்தில் பாதி வீடுகளில் அதுதான் வேகிறது. ஆனால் கெமியோக்கியைப் பின்னணியாக நிறுத்தி, அந்த ஆற்றுக்கு என்ன ஆனது என்று வாய் திறக்காமல் இருப்பது எனக்கு உறுத்தியது. இன்னும் வடக்கே நார்வே எல்லையில் தெனோ ஆறு இருக்கிறது. அணை கிடையாது. அங்கேயும் சால்மன் சரிந்துபோய் 2021இல் பிடிக்கவே தடை போட்டார்கள். தலைமுறை தலைமுறையாக அங்கே மீன்பிடித்து வந்த சாமி மக்களுக்கு அது வெறும் சாப்பாட்டுப் பிரச்சினை இல்லை. வலை கட்டுவதையும், நீரோட்டம் பார்ப்பதையும், அதற்கான வார்த்தைகளையும் பிள்ளைகளுக்கு எங்கே வைத்துச் சொல்லிக்கொடுப்பது?

சாமி என்றதும் ரெயின்டீர் கறி. உறைந்த கறியைச் சீவல் சீவலாகச் சீவி, கொழுப்பில் வதக்கி, கொஞ்சம் தண்ணீர் விட்டு வேகவைத்து, உருளைக்கிழங்கு மசியலும் லிங்கன்பெர்ரியும் வைத்துத் தருகிறார்கள். (மான் சாப்பிட்டியா என்று முகம் சுளிக்கும் வகுப்புத் தோழர்களுக்கு: ஆமாம், சாப்பிட்டேன், இரண்டு தடவை.) சமையலறைச் சுவரில் நான்கு மூலைத் தொப்பி ஒன்று அலங்காரத்துக்குத் தொங்கியது. அது சாமி ஆண்களின் உடை. அதைப் போட்டுக்கொண்டு போட்டோ எடுக்கலாம் என்றார்கள். ரொவானியெமி சாமி தாயகப் பகுதிக்குள்ளேயே வராது. அது இனாரி, உத்ஸ்யோக்கி, எனொந்தெகியோ, சொதன்குலாவின் வடபகுதி. பின்லாந்தில் ரெயின்டீர் வளர்ப்பவர்களில் சாமி அல்லாத பின்லாந்துக்காரர்களும் நிறைய. ஸ்வீடன், நார்வே போல அது சாமிகளுக்கு மட்டும் என்ற சட்டம் இங்கே இல்லை. அதனால் கறி பின்னிஷ் பாரம்பரியம் என்றால் ஒப்புக்கொள்கிறேன். பிறகு தொப்பி எதற்கு? கறிக்கு ஒரு பெயர், போட்டோவுக்கு வேறொருவர் உடை! இப்படிச் செய்யாதீர்கள் என்று சாமி நாடாளுமன்றம் 2018இலேயே சுற்றுலாவுக்கான நெறிமுறைகளை வெளியிட்டிருக்கிறது. நான் தொப்பியைப் போடவில்லை. கூட வந்தவர்கள் போட்டார்கள், அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். யாரும் அவர்களுக்குச் சொல்லவில்லையே.

லெய்பாயூஸ்தோ என்ற சுட்ட பாற்கட்டியைப் பற்றி நல்லதாக மட்டும் சொல்லலாம். கன்று ஈன்ற மாட்டின் சீம்பாலில் செய்வது பழைய வழக்கம். வெளியே பொன்னிறப் புள்ளி, உள்ளே கடித்தால் பல்லில் கிரீச்சென்று சத்தம். அதைச் சூடான காபியில் துண்டு போட்டுச் சாப்பிடுவார்கள், நம்ப முடியாத காம்பினேஷன். சாப்பிட்டால்தான் புரியும். மேலே ஊற்றிய ஹில்லா ஜாம், சதுப்பு நிலத்தில் விளையும் மஞ்சள் பழம். யார் வேண்டுமானாலும் காட்டில் பழம் பறிக்கலாம் என்பது இங்கே உரிமை. ஆனால் வியாபாரத்துக்குப் போகும் காட்டுப் பழங்களில் பெரும்பகுதியைப் பல வருடங்களாகப் பறித்தது தாய்லாந்திலிருந்து வந்த ஏழை விவசாயிகள். அவர்களைச் சுரண்டியதாக நீதிமன்றத் தீர்ப்புகள் வந்து, வேலை ஒப்பந்தம் வேண்டும் என்று விதிகள் மாறியதெல்லாம் சமீபத்தில்தான்.

என் ரூம்மேட்டிடம் இதையெல்லாம் சொன்னபோது சிரித்தான். "டேய், அவனவன் லீவுக்கு வந்திருக்கான். கரண்டியக் கையில கொடுத்துட்டு சரித்திரப் பாடம் எடுத்தா எவன் வருவான்?" நியாயமான கேள்விதான். பதிலும் இருக்கிறது. அரிசிக் கஞ்சி அடுப்பில் குழைய முக்கால் மணி நேரம் ஆனது. அந்த முக்கால் மணி நேரம் எங்களுக்கு என்ன நடந்தது? துருவ ஒளி பார்க்கும் டூர், நாய் வண்டி டூர், இரண்டுக்கும் சேர்த்து எடுத்தால் தள்ளுபடி என்று ஒரு வீடியோ. இரண்டு தடவை ஓடியது. அந்த நேரத்தில் அம்மணியைத் தன் பாட்டி கதையைச் சொல்ல விட்டிருந்தால் எவனும் எழுந்து போயிருக்க மாட்டான். கஞ்சி கிண்டும்போது கதை சொல்வதும் ஒரு பாரம்பரியம்தானே?

இன்னொன்று, வகுப்பு நடத்துபவர்களுக்கு நிஜமாகவே வேறு வழி இருக்கிறது. குளிர்காலத்தில் பின்லாந்துக்காரர்கள் வீட்டில் மதேகெய்த்தோ என்று ஒரு சூப் வைப்பார்கள். பர்பட் என்ற ஏரி மீன், பனியில் ஓட்டை போட்டுப் பிடிப்பது. ஜனவரி, பிப்ரவரிதான் சீசன். செய்முறை கிட்டத்தட்ட சால்மன் சூப்பேதான், மீன் மட்டும் உள்ளூர். பார்க்க மூஞ்சி கொஞ்சம் பயமாக இருக்கும், போட்டோவுக்கு அழகில்லை. அதுதான் காரணமோ என்னவோ.

வடக்கே போகிறவர்கள் யாராவது இதைப் படித்தால், பணம் கட்டும் முன் இரண்டு கேள்வி கேளுங்கள்: மீன் எங்கிருந்து வருகிறது, சொல்லிக்கொடுப்பவர் அதை எங்கே கற்றார். ஒரே ஊரில் கொஞ்ச நாள் தங்குகிறவர்கள் உள்ளூர்க் குடிமக்கள் கல்லூரியில் விசாரிக்கலாம். மாலை நேரத்தில் ஊர்க்காரர்களுக்காகவே நடக்கும் வகுப்புகள், கட்டணமும் குறைவு. 1899இல் ஆரம்பித்த மார்த்தா சங்கத்துப் பெண்களும் இப்படிச் சொல்லிக்கொடுக்கிறார்கள். எல்லாம் பின்னிஷ் மொழியில்தான் இருக்கும். நான் என் ஊரில் பெயர் கொடுத்துவிட்டேன், பார்லிக் கஞ்சி வைத்த பீராக்கா செய்யத் தெரிந்தவர் யாராவது வருகிறாரா என்று பார்க்க வேண்டும்.