விளக்கெரியும் வீடுகளை எண்ணுங்கள்

பனிமலை என்றவுடன் எங்கட தலைமுறைக்கு முதலில் ஞாபகம் வருவது பாட்டுக் காட்சிதான். மெல்லிய சேலையில் கதாநாயகி, கழுத்துவரை கோட் போட்ட கதாநாயகன், பின்னால் வெள்ளை மலை. அந்த மலையில் ஆர் இருக்கினம், அவை என்ன வேலை செய்யினம், கமரா போன பிறகு அங்கே என்ன நடக்குது எண்டு எந்தப் பாட்டும் எங்களுக்குச் சொன்னதில்லை.

இரண்டாவதாக ஞாபகம் வருவது சொந்தக்காரர். சுவிஸ் எங்களுக்கு ஒரு நாடு என்பதைவிட ஒரு மாமா, ஒரு சித்தி, ஒரு வட்ஸ்அப் இலக்கம். அங்கே பிறந்த மச்சான், மச்சாள்மார் பள்ளிக்கூடத்தோடு பனிச்சறுக்கு முகாமுக்குப் போய்ப் படம் அனுப்புகிறார்கள். முப்பது வருசமாக அங்கே இருக்கும் மாமாமார் பலர் ஒருநாள்கூட அந்தப் பலகையில் கால் வைத்ததில்லை. ஒரே வீடு, ஒரே மலை, இரண்டு வாழ்க்கை.

அதனால்தான் அல்ப்ஸ் மலையின் பாரம்பரியக் கிராமமொன்றில் ஒரு வாரப் பனிச்சறுக்கு விடுமுறையை நாங்கள் திட்டமிட்டுப் பார்க்கிறோம். காசு இருக்கோ எண்டு கேட்காதேங்கோ, இல்லை. இலங்கைக் கடவுச்சீட்டோடு போக ஷெங்கன் வீசா வேண்டும். பயணத்துக்கு ஆறு மாதத்துக்கு முன்பிருந்து விண்ணப்பிக்கலாம், கடைசி 15 நாளுக்குள் ஏலாது. 2024 ஜூனிலிருந்து பெரியவர்களுக்குக் கட்டணம் 90 யூரோ. குறைந்தது 30,000 யூரோவுக்கு மருத்துவக் காப்புறுதியும் காட்ட வேண்டும். பனிச்சறுக்கு விபத்து அதற்குள் வருமா என்று தனியாகக் கேட்க வேண்டும். ஆனாலும் இதை வாசிக்கிற உங்களில் சிலர் ஒருநாள் போகத்தான் போகிறீர்கள். வெளியில் இருந்து வாசிக்கிறவர்கள் வருகிற குளிர்காலமே போகலாம். போகிறவர்களுக்கு எங்களிடம் ஒரு கருத்து இருக்கிறது: விடுமுறைத் திட்டத்தின் முதல் கேள்வி "பனி இருக்குமா?" இல்லை. "அந்த ஊரில் ஆட்கள் இருக்கிறார்களா?" என்பதுதான்.

முதலில் ஊரைத் தெரிவு செய்வோம். பேர்ண் மாநிலத்தில், 1,600 மீற்றருக்குச் சற்று மேலே, செங்குத்தான பாறைச் சுவரின் விளிம்பில் இருக்கிறது மியூரன். சூரிச் விமான நிலையத்தில் ரயிலேறி, பேர்ண், இன்டர்லாக்கன், லவுட்டர்புருன்னன் என்று போய், அங்கிருந்து கேபிள் காரில் மேலேறி, மேலே இன்னொரு குட்டி ரயிலைப் பிடிக்க வேண்டும். அந்தக் குட்டி ரயில் பாதை 1891 இல் திறக்கப்பட்டது. காரில் ஊருக்குள் போக ஏலாது. பள்ளத்தாக்கின் மறுபக்கத்தில், 1,274 மீற்றரில் வெங்கன். அங்கேயும் கார் இல்லை, பற்சக்கர ரயில்தான்.

ஒருநாளும் சறுக்காதவர்களுக்கு வெங்கன் வசதி. ஊர் நடுவிலேயே பழகுகிற சரிவு இருக்கிறது. மியூரன் பக்கம் சரிவுகள் கொஞ்சம் முரடு. சுவிஸில் சரிவுகளுக்கு நிறம் உண்டு: நீலம் லேசு, சிவப்பு நடுத்தரம், கறுப்பு கஷ்டம். முதல் மூன்று நாலு நாளைப் பழக்கும் பள்ளிக்கு எழுதிவைத்துவிட்டு, பலகை, சப்பாத்து, தலைக்கவசம் எல்லாவற்றையும் அங்கேயே வாடகைக்கு எடுப்பதுதான் புத்தி. கிறிஸ்மஸ், புதுவருசக் கிழமைகளும் பெப்ரவரிப் பள்ளி விடுமுறையும் சனமும் விலையும் கூடிய காலம். ஜனவரி நடுப்பகுதியில் வெங்கனில் லவுபர்ஹோர்ன் போட்டி நடக்கும். 1930 இல் தொடங்கிய போட்டி. ஏறக்குறைய நாலரைக் கிலோமீற்றர் நீளமான அதன் ஓடுபாதை உலகக் கிண்ணப் போட்டிகளில் மிக நீளமானது. போட்டி பார்க்க விருப்பமில்லாதவர்கள் ஜனவரிக் கடைசியையோ மார்ச்சையோ பார்க்கலாம்.

இனி அந்தப் "பாரம்பரியம்" என்ற சொல்லுக்கு வருவோம். விளம்பரம் அதை எப்படி விற்கிறது? மரவீடு, ஜன்னலில் பூச்சட்டி, கூரையில் பனி, வாசலில் சறுக்குப் பலகை. இதில் கடைசிச் சாமான் நேற்று வந்தது. அந்த மலைக்காரரின் பாரம்பரியம் மாடு, வைக்கோல், பாற்கட்டி. செர்மாற் என்ற ஊரின் பழைய பகுதியில் இப்பவும் மரக் களஞ்சியங்களைப் பார்க்கலாம். எலி ஏறாமலிருக்கக் கால்களுக்கு மேல் வட்டமான தட்டைக்கல் வைத்து, அதற்கு மேல் கட்டியிருக்கிறார்கள். எங்கட வீடுகளில் நெல் மூட்டையைக் கோர்க்காலியில் ஏற்றி வைத்த அதே புத்திதான்.

சறுக்குப் பலகை நோர்வேயிலிருந்து வந்தது. ஷெர்லொக் ஹோம்ஸை எழுதிய ஆதர் கொனன் டொயில் 1894 இல் டாவோஸிலிருந்து அரோசாவுக்கு உள்ளூர்ச் சகோதரர்கள் இருவரோடு மலையைத் தாண்டிச் சறுக்கிப் போய், அதைப் பற்றி ஆங்கிலச் சஞ்சிகையொன்றில் எழுதினார். பிறகு ஆங்கிலேயக் கனவான்கள் குளிர்காலத்தில் வரத் தொடங்கினார்கள். கம்புகளுக்கு இடையால் வளைந்து வளைந்து இறங்கும் நவீன ஸ்லாலம் போட்டியை ஆர்னல்ட் லன் என்ற ஆங்கிலேயர் 1922 ஜனவரியில் மியூரனில்தான் நடத்தினார். 1924 இல் அங்கே அவர் தொடங்கிய கழகத்தின் பெயர் கந்தகார். ஆப்கானிஸ்தான் கந்தகாரேதான். அங்கே போரில் வென்ற பிரித்தானியத் தளபதி ரொபர்ட்ஸ் பிரபு 1911 இல் ஒரு பனிச்சறுக்குக் கிண்ணத்துக்குத் தன் பெயரைக் கொடுத்தார். அந்தப் பெயர் கழகத்துக்கும் பிறகு பல போட்டிகளுக்கும் ஒட்டிக்கொண்டது. சுவிஸ் பாரம்பரியம் பார்க்கப் போனால் பிரித்தானியப் பேரரசின் போர்ப்பெயர் பனிக்குள் இருந்து எட்டிப் பார்க்கிறது. கலைப்பீடத்துப் பிள்ளைகளுக்கு இதைவிட நல்ல பாடம் வேண்டுமா?

இதைச் சொல்வது அந்த ஊர்களைப் பொய் என்பதற்காக இல்லை. பாரம்பரியம் என்பது வீட்டு முகப்பில் இல்லை என்பதற்காக. முகப்பை யாரும் கட்டலாம், மரப்பலகை அடித்தால் போதும். கிராமம் என்பது வேறு. காலையில் பாண் போடுகிறவர், பனியைத் தள்ளுகிறவர், பள்ளிக்கூடம் போகிற பிள்ளை, தீயணைப்புக்கு ஓடிவருகிற பக்கத்து வீட்டுக்காரர் எல்லாம் சேர்ந்ததுதான் அது. அந்த ஆட்கள் அங்கே படுத்து எழும்ப இடம் வேண்டும்.

சுவிஸில் இதற்கு ஒரு சொல் இருக்கிறது: குளிர்ந்த கட்டில்கள். நகரத்திலும் வெளிநாட்டிலும் உள்ள வசதியானவர்கள் மலைக் கிராமத்தில் விடுமுறை வீடு வாங்கிவிடுவார்கள். வருசத்தில் இரண்டு மூன்று கிழமை வருவார்கள். மிச்ச நாளெல்லாம் கட்டில் குளிர்ந்து கிடக்கும், ஜன்னல் இருட்டாக இருக்கும். வீட்டு விலை ஏறும். ஊரில் பிறந்த பிள்ளை கலியாணம் கட்டினால் வீடெடுக்க ஏலாமல் பள்ளத்தாக்குக்கு இறங்கும். 2012 மார்ச் 11 இல் நாடு முழுக்க இதைப் பற்றி வாக்கெடுப்பு நடந்தது. ஒரு ஊராட்சியின் மொத்த வீடுகளில் விடுமுறை வீடுகள் 20 சதவீதத்துக்கு மேல் போகக்கூடாது என்பது கேள்வி. 50.6 சதவீதம் பேர் ஓம் என்றார்கள். மயிரிழைதான், ஆனால் அது சட்டமாகி 2016 இல் நடைமுறைக்கு வந்தது.

மலைக் கிராமத்தவர் பலரே இதை எதிர்த்தார்கள் என்பதையும் சொல்ல வேண்டும். அவர்கள் பக்க நியாயம் சின்னதில்லை. வீடு கட்டுகிற வேலை போய்விடும், வரி குறையும், தங்கள் காணியை என்ன செய்வது என்பதை நகரத்தவர் தீர்மானிக்கிறார்கள் என்றார்கள். உல்லாசப் பயணி வர முன்னம் அந்தப் பள்ளத்தாக்குகள் வறுமையில் கிடந்தவை. பிழைப்புத் தேடிக் கடல் தாண்டிப் போனவர்கள் நிறையப் பேர். "வராதேங்கோ" என்று சொல்வது அவர்களுக்கு உதவி இல்லை. எப்படி வருகிறோம் என்பதில்தான் விசயம் இருக்கிறது. ஊர்க்குடும்பம் நடத்தும் விடுதியில் ஏழு இரவு தங்குகிறவரும், ஒருநாள் வந்து படமெடுத்துவிட்டுக் குப்பையைப் போட்டுப் போகிறவரும், வருசம் முழுக்கப் பூட்டிக் கிடக்கும் வீட்டுக்குச் சொந்தக்காரரும் ஒரே ஆட்கள் இல்லை.

எங்கட ஆட்களை இந்தப் படத்தில் எங்கே வைப்பது? சுவிஸில் ஏறக்குறைய 50,000 தமிழர் இருக்கிறார்கள். எண்பதுகளில் அகதியாகப் போனவர்களில் பெரும்பகுதி முதலில் கால் வைத்தது உணவக, ஹோட்டல் குசினிகளில். கோப்பை கழுவி, வெங்காயம் உரித்து, பிறகு சுவிஸ்காரரின் உருளைக்கிழங்கு ரொஸ்டியையே அவர்களைவிட நன்றாகச் சுட்டுக் கொடுத்தார்கள். பாட்டுக் காட்சியில் பின்னால் தெரிகிற அந்த ஹோட்டலுக்குள் எங்கட ஆள் ஒருவர் நின்றிருக்கக்கூடும். விடுமுறைத் திட்டம் போடும்போது "அங்கே எனக்குச் சாப்பாடு போடுகிறவர் எங்கே படுக்கிறார்?" என்று கேட்பது மற்றவர்களுக்கு மனிதாபிமானம். எங்களுக்கு அது குடும்ப விசயம்.

இன்னொரு முனையும் இருக்கிறது. புங்குடுதீவிலிருந்து சுவிஸ் போனவர்கள் கனபேர். அங்கே நடந்து பார்த்தால் பூட்டிய வீடுகள், இடிந்த வீடுகள், புதுசாகப் பெயின்ற் அடித்து வருசத்தில் ஒருக்கால் கோயில் திருவிழாவுக்குத் திறக்கும் வீடுகள். காரணம் வேறு. அங்கே பணம் வீட்டை வெறுமையாக்கியது, இங்கே போர். இரண்டையும் ஒன்றென்று நாங்கள் சொல்லவில்லை. ஆனால் குளிர்ந்த கட்டில் எப்படி இருக்கும் என்பது எங்களுக்குத் தெரியும்.

பனியைப் பற்றியும் பேசத்தான் வேண்டும். சுவிஸின் பனிக்கட்டியாறுகள் 2022, 2023 என்ற இரண்டே வருடத்தில் தங்கள் கனவளவில் 10 சதவீதத்தை இழந்தன. பனிச்சறுக்குத் தொழிலில் ஒரு பழைய கணக்கு உண்டு: டிசெம்பர் தொடக்கம் ஏப்ரல் நடுப்பகுதிவரை 100 நாளாவது 30 சென்ரிமீற்றர் பனி கிடக்க வேண்டும், அதுவும் பத்துக் குளிர்காலத்தில் ஏழிலாவது. அப்படியென்றால்தான் தொழில் தாக்குப்பிடிக்கும். தாழ்ந்த ஊர்களுக்கு இந்தக் கணக்கு இப்போது இடறுகிறது. சுவிஸின் சரிவுகளில் பாதிக்கு மேல் இயந்திரப் பனிக்கு வசதி செய்திருக்கிறார்கள். அதற்குத் தண்ணீரும் மின்சாரமும் வேண்டும், போதாததற்குக் குளிரும் வேண்டும்.

2025 மே 28 இல் லோட்சன்தால் பள்ளத்தாக்கின் பிளாற்றன் கிராமத்தின் மேல் ஒரு பனிக்கட்டியாறே உடைந்து விழுந்தது. ஊரின் ஏறக்குறைய 90 சதவீதம் பாறைக்கும் பனிக்கும் சேற்றுக்கும் கீழே போனது. ஒருவர் இறந்தார். சுமார் 300 பேர் தப்பியதற்குக் காரணம், மலையைப் பார்த்துக்கொண்டிருந்தவர்கள் ஒன்பது நாளுக்கு முன்னமே ஊரை வெளியேற்றியது. மாடுகளையும் கொண்டுபோனார்கள். மலையை இப்படிக் கவனிக்கிற பழக்கம் அந்தப் பக்கங்களில் இன்று வந்ததில்லை. அண்டர்மாற் ஊரவர்கள் 1397 இலேயே, ஊருக்கு மேலேயுள்ள காட்டில் மரம் தறிக்கக்கூடாது என்று எழுதிவைத்தார்கள். காடு நின்றால்தான் பனிச்சரிவு ஊருக்குள் வராது. எங்களைக் கேட்டால், பாரம்பரியம் என்ற சொல்லுக்கு அந்தக் கடதாசிதான் சரியான உதாரணம். அதைக் காக்க ஊரில் ஆள் வேண்டும். விடுமுறை வீட்டுக்காரர் மரம் எண்ண வரமாட்டார்.

ஆகவே போகிறவர்களே, ஊரைத் தெரிவு செய்ய முன்னம் நாலு விசயம் தேடிப் பாருங்கள். நவம்பர் மாதத்தில், சீசன் தொடங்க முன்னம், அங்கே கடை திறந்திருக்குமா? பள்ளிக்கூடம் இருக்குதா? தங்குமிடத்தை நடத்துகிறவர் அந்த ஊரில்தான் இருக்கிறாரா? வேலை செய்கிறவர்களுக்கு அங்கேயே இடம் கொடுத்திருக்கினமா? இவற்றுக்கு ஓம் என்று பதில் வருகிற ஊருக்கு, காரில்லாமல் ரயிலில் போய், ஒருநாளாக இல்லாமல் ஒரு கிழமையாக இருங்கள். பனி குறைந்த வருசமென்றால் நடந்து திரியுங்கள், பாற்கட்டி செய்கிறவரிடம் போய்ப் பாருங்கள். பின்னேரம் விழுந்து எழும்பிக் கால் நோவோடு திரும்பும்போது ஜன்னல்களை எண்ணுங்கள், எத்தனையில் விளக்கு எரிகிறது என்று. அந்தக் கணக்கை எந்த விளம்பரமும் உங்களுக்குத் தராது.

பனி ஒரு வருசம் பொய்த்தால் அடுத்த வருசம் பெய்யக்கூடும். ஆட்கள் விட்டுப்போன ஊருக்கு ஆட்கள் திரும்பி வருவது எவ்வளவு கஷ்டம் என்பதை எங்களுக்கு ஒருத்தரும் சொல்லித்தரத் தேவையில்லை.