பருப்பில்லாத சாம்பார்

ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டில் சாம்பார் வைக்கக் கூடாது. மூன்று வருஷமாக இதுதான் சட்டம். போட்டவள் என் மகள். ஆறு நாள் அம்மா வைத்தாலும் ஆச்சி வைத்தாலும் மறுபேச்சில்லாமல் சாப்பிடுவாளாம். ஏழாம் நாள், இந்த வீட்டு அடுப்பில் அதுவரை ஏறாத ஒன்று ஏற வேண்டும். அப்பாவும் பேப்பரை விரித்துக்கொண்டு உட்காரக் கூடாது, வெங்காயமாவது உரிக்க வேண்டும்.

வெங்காயம் உரிக்கச் சேர்ந்த நான் இப்போது கரண்டி பிடிக்கும் அளவுக்குப் பதவி உயர்ந்துவிட்டேன். தீர்ப்புச் சொல்லும் பதவி மட்டும் என் அம்மாவிடம். எண்பத்தொரு வயது. கண் மங்கிவிட்டது, நாக்கு மங்கவில்லை. எதைச் செய்து வைத்தாலும் ஒரு வாய் எடுத்துப் போட்டு, அது ஏற்கெனவே நம் ஊரில் உள்ளதுதான் என்று நிரூபித்துவிடுவாள். மராட்டியர்களின் தாலிபீத் அவளுக்குக் ‘காஞ்ச அடை’. உகடீச்சே மோதக், ‘மூக்கு வச்ச கொழுக்கட்டை’. குஜராத்தி உந்தியு, ‘எண்ணெயில விழுந்த அவியல்’. ஒரு ஞாயிறு மகள் ஆசையாகப் பாஸ்தா செய்தாள். “ஏட்டி, சேமியா சரியா வேகல” என்று தட்டை நகர்த்தி வைத்தாள்.

அவள் சொல்வதில் நியாயம் இருப்பதுதான் எரிச்சல். தாலிபீத்துக்குத் தானியங்களையும் பருப்புகளையும் வறுத்து அரைத்த ‘பாஜணி’ மாவு. அடைக்கு ஊறவைத்து அரைத்த மாவு. வித்தியாசம் பெரிசுதான். ஆனால் கல்லில் தட்டியதும் விரலால் நடுவில் ஓட்டை போட்டு, அதில் எண்ணெய் விடுகிறார்களே, அந்த ஓட்டையைப் பார்த்துவிட்ட பிறகு அம்மாவிடம் எப்படி வாதாடுவது?

புத்தகங்களும் எங்களுக்கு அவ்வளவாகக் கைகொடுக்கவில்லை. 1951இல் வந்த மீனாட்சி அம்மாளின் ‘சமைத்துப் பார்’ மும்பை மாட்டுங்காவில் வாங்கியது ஒன்று அலமாரியில் இருக்கிறது. கூடவே என் மாமியார் கைப்பட எழுதிய கோடு போட்ட நோட்டு. நோட்டில் ரசப்பொடிக்கு ‘மிளகு ஒரு ரூபாய் எடை’ என்று இருந்தது. மகள் சமையலறைத் தராசில் ஒரு ரூபாய் நாணயத்தை வைத்து, அதே எடைக்கு மிளகைக் கொட்டி அரைத்தாள். மாமியார் சொன்ன ரூபாய் பிரிட்டிஷார் காலத்து வெள்ளி ரூபாய், ஒரு தோலா, பதினொன்றரை கிராமுக்கு மேல். இப்போதைய ரூபாய் நாலு கிராம்கூட இல்லை. அன்றைய ரசம் வாயில் போனதே தெரியவில்லை. ரூபாயின் மதிப்பு குறைந்ததைப் பேப்பரில் படித்திருக்கிறேன். ரசத்தில் அனுபவித்தது அன்றுதான்.

நான் சொல்ல வந்தது சிந்தி கடி பற்றி.

சேம்பூரில் எங்கள் எதிர்வீட்டு ஆன்ட்டி சிந்திக்காரர். 1947 பிரிவினைக்குப் பிறகு அவருடைய பெற்றோர் கராச்சியிலிருந்து கப்பலில் வந்து இறங்கியவர்கள். அப்படி வந்தவர்கள் பலரைச் சேம்பூரில் ராணுவம் விட்டுப்போன பாரக்குகளில் குடியமர்த்தினார்கள். அந்த இடத்துக்கு இன்னமும் ‘கேம்ப்’ என்றுதான் பெயர். சிந்தி வீடுகளில் ஞாயிற்றுக்கிழமை என்றால் கடி–சாவல். குஜராத்தி கடி, பஞ்சாபி கடி என்றால் தயிர். சிந்தி கடியில் தயிர் ஒரு சொட்டுக் கிடையாது. கடலை மாவு, புளி, காய்கறி. முருங்கைக்காய், கொத்தவரங்காய், உருளைக்கிழங்கு, தனியாக எண்ணெயில் வதக்கிய வெண்டைக்காய். தாளிப்பில் சீரகம், வெந்தயம், பெருங்காயம், கறிவேப்பிலை. இந்தப் பட்டியலை ஆன்ட்டி சொல்லச் சொல்ல, என் மனைவி என்னைப் பார்த்தாள். நானும் அவளைப் பார்த்தேன். அம்மாவின் தீர்ப்பு இப்போதே தெரிந்துவிட்டது.

முதல் ஞாயிறு குட்டிச்சுவர். எண்ணெயில் மாவைக் கொட்டிக் கிளறினேன். வாசனை வந்த மாதிரி இருந்ததும் அவசரப்பட்டு ஒரு செம்புத் தண்ணீரை ஒரேயடியாக ஊற்றினேன். மாவு பயந்துபோய் ஒன்றையொன்று கட்டிக்கொண்டது. மேலே வெந்து, உள்ளே பச்சை மாவாக, கோலிக்குண்டு அளவில் உருண்டைகள். மத்தை எடுத்துக் கடைந்தும் கரையவில்லை. “உருண்டைக் குழம்புன்னு சொல்லிட்டுப் போயேம்லே” என்றாள் அம்மா. அவளாக ஒருவருக்கு இரக்கம் காட்டுவது இப்படித்தான்.

இரண்டாம் ஞாயிறு ஆன்ட்டியே வந்து சமையலறை வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டார். அடுப்பைச் சின்னதாக்கு. கரண்டியை நிறுத்தாதே. மஞ்சளாக இருந்த மாவு மெல்ல மணல் நிறத்துக்கு வந்தது. எண்ணெய் பிரிந்து ஓரத்தில் மினுங்கியது. போதுமா என்று கேட்டால், “படிக்கட்டில் போகிறவன் நின்று மோந்து பார்க்க வேண்டும்” என்று இந்தியில் சொல்கிறார். கிட்டத்தட்ட பத்து நிமிஷம். வறுத்த வேர்க்கடலை மாதிரி ஒரு மணம் எழும்பியதும், அடுப்பை அணைத்துவிட்டு, பச்சைத் தண்ணீரைக் கையளவு கையளவாக விட்டுக் கலக்கச் சொன்னார். கூழானது, பிறகு மோரானது, பிறகு ரசம் மாதிரி நீர்த்தது. இவ்வளவு தண்ணியா என்று பயந்தேன். முக்கால் மணி நேரம் கொதிக்கப் போகிறது, பேசாமல் இரு என்றார். காய் வெந்த பிறகுதான் புளி. புளியில் காய் வேகாது என்ற சமாச்சாரம் கராச்சிக்கும் திருநெல்வேலிக்கும் ஒன்றுதான்.

சோற்றில் ஊற்றி, இரண்டு முறை பொரித்தெடுத்த உருளைக்கிழங்கை, அதற்கு ‘ஆலு டுக்’ என்று பெயர், பக்கத்தில் வைத்து அம்மாவிடம் கொடுத்தோம். ஆன்ட்டியும் எதிரில். அம்மா ஒரு வாய் சாப்பிட்டாள். இன்னொரு வாய்.

“பருப்பில்லாத சாம்பார். பருப்பு வாங்கக் காசில்லாதப்போ நான் வப்பேம்லா, அது.”

ஆன்ட்டிக்கு இதை எப்படி மொழிபெயர்ப்பது என்று விழித்தேன். மகள், “பிரமாதமாக இருக்கிறதாம்” என்று சொல்லி முடித்துவிட்டாள். ஆனால் அந்தப் பேச்சின் பின்பாதி எனக்குப் புதிது. தாராவியில் நான் சாப்பிட்டு வளர்ந்த சாம்பார் பருப்பில்லாததா?

கோலி என்கிற எங்கள் ஒற்றை அறை வீடு 90 அடி ரோட்டுக்குப் பின்னால் இருந்தது. பத்துக்குப் பன்னிரண்டு. ராத்திரி மூன்று மணிக்கு அம்மா பம்ப் ஸ்டவ்வை அடிக்கும் சத்தத்தில்தான் எனக்குத் தூக்கம் கலையும். இட்லி அவித்துக் கொடுப்பாள். அலுமினியப் பாத்திரத்தைத் தலையில் வைத்துக்கொண்டு, பாம்ப் பாம்ப் என்று ஹாரனை அமுக்கிக்கொண்டு சயான், மாட்டுங்கா, தாதர் என்று போகிற இட்லிக்காரர்களுக்குச் சரக்கு. கூடவே சட்னி, சாம்பார். வியாபாரத்துக்கு வைத்ததன் அடிமண்டிதான் எங்களுக்கு மதியச் சாப்பாடு.

1972–73இல் மகாராஷ்டிரத்தில் கடும் வறட்சி. பம்பாயில் விலைவாசி ஏறி, மிருணாள் கோரேயும் அகில்யா ராங்ணேகரும் பெண்களைத் திரட்டி, கையில் சப்பாத்திக் கட்டையோடு தெருவில் இறங்கிய காலம். நீயும் போனாயா என்று அம்மாவைக் கேட்டேன். “நம்ம வீட்டுல ஏதுலே சப்பாத்திக் கட்டை?” என்றாள். அவள் செய்தது வேறு. துவரம்பருப்பை ஒரு கைப்பிடியாகக் குறைத்து, அப்புறம் அதையும் நிறுத்தி, ரெண்டு கரண்டி கடலை மாவைக் கரைத்து விட்டுவிட்டாள். ஒரு குண்டான் சாம்பாருக்கு அது போதும். இட்லிக்காரர்களும் கேட்கவில்லை, வாங்கித் தின்றவர்களும் கேட்கவில்லை. நாங்களும் கேட்கவில்லை.

இதில் வேடிக்கை, தமிழ்நாட்டில் இதற்குப் பெயரே ‘பாம்பே சட்னி’. திடீரென்று விருந்தாளி வந்தால் கடலை மாவைக் கரைத்து, வெங்காயம் தக்காளி வதக்கி ஊற்றி, பூரிக்கும் இட்லிக்கும் வைப்பார்கள். சில ஊர்களில் பாம்பே சாம்பார். மும்பையில் பிறந்து வளர்ந்த எனக்கு அந்தப் பெயர் தெரிந்தது, கல்யாணத்துக்கு அப்புறம் மாமியார் வீட்டில். இங்கே அப்படி எதுவும் கிடையாது என்று அப்போது அடித்துச் சொன்னேன். தப்பு. மராட்டியர்களின் பிட்லா அதற்கு ஒன்றுவிட்ட அக்கா. அதையே கெட்டியாகக் கிளறினால் ஜுணகா. 1995இல் ஆட்சிக்கு வந்த சிவசேனா–பாஜக அரசு ஒரு ரூபாய்க்கு ஜுணகா–பாகர் போட்டதே, அதே ஜுணகா. பம்பாய் மில்லுக்கு வந்துபோன யாரோ ஒருவர் பிட்லாவை ஊருக்குக் கொண்டுபோய்ப் பெயரை மட்டும் மறந்திருப்பார் என்பது என் ஊகம். பெயர் மறந்தால் என்ன, வந்த ஊர் ஞாபகம் இருந்திருக்கிறது.

மகள் விடவில்லை. “ஆச்சி, அப்போல்லாம் புதுசா எதுவுமே செஞ்சு பாத்ததில்லையா?”

“செஞ்சு பாத்தது கெட்டுப்போச்சுன்னா ராத்திரி எதத் திங்க?”

குழாயில் தண்ணீர் விடியற்காலை வரும், போய்விடும். மண்ணெண்ணெய்க்குக் கியூ. கெட்டுப்போன குழம்பைக் கொட்டிவிட்டு இன்னொன்று வைக்க வேண்டும் என்றால் தண்ணீர், மண்ணெண்ணெய், அரைக்கிற கை, மூன்றும் மறுபடி வேண்டும். நான் உருண்டை உருண்டையாகத் திரளவிட்ட கடியை என்ன செய்தோம் என்று யோசித்தேன். குப்பையில் கொட்டிவிட்டு, போனில் பிரியாணி வரவழைத்தோம். அம்மா அதைப் பார்த்துக்கொண்டுதான் உட்கார்ந்திருந்தாள்.

மகள் ஒரு புத்தகம் கொண்டுவந்தாள். ‘தி இன்டிசைசிவ் சிக்கன்’. 2015இல் தாராவி பியனாலே என்ற கலைவிழா நடந்ததை ஒட்டி வந்தது. பிரஜ்னா தேசாய் எழுதியது. தாராவிப் பெண்கள் எட்டுப் பேரின் சமையலும் கதையும். ஏழை வீட்டுச் சமையல் என்றால் ஏதோ வயிற்றை அடைப்பது என்ற நினைப்பு படித்தவர்களுக்கு உண்டு, எனக்கும் இருந்தது. பக்கம் பக்கமாக மகள் தமிழில் படித்துச் சொன்னாள். “உங்கள வந்து கேட்டிருந்தா என்ன ஆச்சி சொல்லியிருப்பீங்க?” என்று கேட்டாள். இட்லிக்கு நாலுக்கு ஒண்ணு உளுந்து என்று ஏதாவது வரும் என எதிர்பார்த்தேன்.

“சொதி” என்றாள் அம்மா.

எங்கள் வீட்டில் சொதி வைத்ததே இல்லை. திருநெல்வேலிப் பக்கம் கல்யாணத்துக்கு மறுநாள் விருந்தில் போடுவது. வைத்ததில்லை என்பதால் ஞாயிற்றுக்கிழமைச் சட்டத்துக்கும் பொருந்தியது. சனிக்கிழமை மாட்டுங்கா மார்க்கெட்டுக்குப் போனேன். சின்ன வெங்காயம் எங்கும் கிடைக்கிற ஊர் இல்லை இது. மாட்டுங்காவில் மட்டும் மராட்டிக் காய்க்காரரே “சின்ன வெங்காயம், முருங்கக்கா” என்று தமிழில் கூப்பிட்டுக் கொடுப்பார்.

அம்மா அடுப்படியில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்தாள். ரெண்டு தேங்காய். முதல் பாலைத் தனியாக எடுத்து வைக்கச் சொன்னாள். மூன்றாம் பாலில் உருளைக்கிழங்கு, காரட், பீன்ஸ், முருங்கைக்காய் வேக வேண்டும். கீறின பச்சை மிளகாய், சின்ன வெங்காயம், பூண்டு. குழைந்த பாசிப்பருப்பு, அப்புறம் இரண்டாம் பால். கடைசியில் முதல் பாலை விட்டு, கொதி வருவதற்குள் இறக்கி, எலுமிச்சை பிழிய வேண்டும். எதையும் அவள் மறக்கவில்லை, எதிலும் தயங்கவில்லை. இஞ்சித் துவையலுக்கு மட்டும் என் மனைவியிடம் “எப்படிட்டி அரைக்கணும்?” என்று கேட்டாள்.

“சொதி இவ்வளவு நல்லாத் தெரிஞ்சு வச்சிருக்கீங்க, துவையல் தெரியாதா அத்தை?”

அப்போது சொன்னாள். எட்டோ ஒன்பதோ வயசு. பண்ணை வீட்டுக் கல்யாணம். மூன்று நாளும் அவளுடைய அம்மாவுக்குப் பின்கட்டில் காய் நறுக்கிற வேலை. இவள் கூடவே இருந்து பால் எடுப்பதிலிருந்து இறக்குவது வரை பார்த்திருக்கிறாள். மறுநாள் விருந்து முடிந்து, மிச்சச் சொதியைப் பின்வாசலில் தூக்குச்சட்டியில் ஊற்றிக் கொடுத்தார்களாம். “இஞ்சித் துவையல் தரல. அது உள்ள பந்தியில உக்காந்தவுகளுக்கு. தொட்டுக்கிட்டாத்தான் தேங்காப்பால் செமிக்கும்னு பேசிக்கிட்டாங்க. நான் சும்மாதான் குடிச்சேன். செமிச்சுது.”

என் மனைவி துவையலை அரைத்து, கிண்ணத்தில் இல்லாமல், அவள் தட்டிலேயே ஒரு உருண்டையாக வைத்தாள். அம்மா சோற்றைப் பிசைந்து, துவையலைத் தொட்டு, மென்றாள். எதைப் போல இருக்கிறது என்று அன்றைக்குச் சொல்லவில்லை. இன்னும் கொஞ்சம் துவையல் கேட்டாள்.

கடி சொல்லிக்கொடுத்த வீட்டை மறக்க முடியுமா? ஒரு பாத்திரத்தில் சொதியை ஊற்றி எதிர்வீட்டுக்குக் கொடுத்தனுப்பினோம். பத்து நிமிஷத்தில் மகளின் போனுக்கு ஆன்ட்டியின் குரல் வந்தது: அருமை, எங்கே கற்றுக்கொண்டீர்கள், அப்படியே தாய் கறி!

“யாரு தாயி?” என்றாள் அம்மா.

மகள் விளக்கினாள். தாய்லாந்து என்று ஒரு நாடு, அங்கேயும் தேங்காய்ப்பாலில் காய் போட்டு, எலுமிச்சை பிழிந்து, சோற்றோடு சாப்பிடுவார்கள். அம்மா கவனமாகக் கேட்டாள்.

“தொட்டுக்க இஞ்சித் துவையல் உண்டா?”

“இல்ல ஆச்சி.”

“அப்ப அது சொதி இல்ல.”