பனி பறிக்கும் குழி

ஸ்ரீநகரிலிருந்து லே நகருக்குச் செல்லும் மலைச்சாலை, சுமார் 11,500 அடி உயரமுள்ள ஜோஜி லா கணவாயைக் கடக்கிறது. லடாக் மக்களுக்கு அரிசியும் மருந்தும் கொண்டுவரும் முக்கிய வழிகளில் அது ஒன்று. குளிர்காலம் கழிந்ததும் அதில் குழிகள் தோன்றுவானேன்? லாரிகளின் பாரம் மட்டுமே காரணமன்று.

பகலில் உருகும் பனிநீர், தார் வெடிப்புகளின் வழியே உள்ளே இறங்குகிறது. இரவில் அது உறைகிறது. ஜலம் உறையும்போது அதன் பருமன் ஏறக்குறைய 9 சதவிகிதம் பெருகும் என்று நாம் பள்ளியில் படித்ததுதான். அப்பெருக்கம் வெடிப்பை அகலமாக்கி, அடிக்கற்களையும் நெகிழச் செய்கிறது. மீண்டும் உருகியபின் தாருக்கு ஆதாரமில்லை. சக்கரம் ஏறியதும் உள்வாங்கிவிடுகிறது.

ஆகவே, குழியை நிரப்புவதினும் பனிக்கு முன்பே வெடிப்பை அடைத்து, நீர் வடியச் செய்வதே சிக்கனம். பொதுப் பணத்தில் போட்ட சாலைக்கு அந்தச் சிறு கவனிப்பை நாம் கோருவது நியாயமே அல்லவா?